ராணியின் வாலுக்குப் பூசிய மிளகாய்

அரைத்த மிளகாய் நகக்கண்ணில் ஏறினால் எப்படி எரியும் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கு அப்படி எரியும்போதெல்லாம் குதிரை வாடையும் சேர்ந்தே அடிக்கும், கூடவே என் சித்தப்பா மேல் ஆத்திரமும் பொங்கிவரும்.

எண்பதுகளில் செம்மநத்தத்தில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தப்பா, ராணி என்ற பெண் குதிரையில் ஏற்காடு ஏரிக்கரையில் டூரிஸ்டுகளை ஏற்றிச் சுற்றுவார். ஒரு வருஷம், மே மாத "சீசனில்" ராணிக்கு இரண்டு மாதக் குட்டி. சவாரி இல்லாத நேரமெல்லாம் தாயையும் குட்டியையும் ஒரே மரத்தில் நெருக்கிக் கட்டிவைப்பார். பொழுது சாயும்வரை ஒரு பிடி புல் போடமாட்டார். "தின்னா லத்தி போடும், டூரிஸ்டுக மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிருவாங்க" என்பது அவருடைய மகா கண்டுபிடிப்பு. மெல்லுவதற்கு வேறெதுவும் கிடைக்காத குட்டி தாயின் வாலை மென்றது. ராணியின் வால் தேய்ந்த விளக்குமாறு மாதிரி ஆனதும்தான் சித்தப்பாவுக்கு மானம் போயிற்று.

"மொட்டவால் குதிரைல எவன் ஏறுவான்? மொளகா அரைச்சு நல்லா அப்பிவுடு கண்ணு" என்றார். ராணி என்னை உதைக்கமாட்டாள் என்பதால் அந்த வேலை எனக்கு. ஒன்பது வயது, என்னை நம்பிக் கொடுத்துவிட்டார் என்ற பெருமையில் வீட்டு வாசலிலேயே வைத்து அடிமுதல் நுனிவரை பூசினேன்.

குட்டி ஒரே ஒரு வாய் கடித்தது. வாய் எரிந்த பிள்ளை எங்கே ஓடும்? தாயின் மடிக்குத்தான் ஓடியது. அந்த உதட்டோடு காம்பைக் கவ்வியதும் ராணி அலறித் துள்ளி உதைத்தாள். அம்மா மோரைக் கொண்டுவந்து மடியையும் குட்டியின் வாயையும் கழுவினாள். அதுவரை சித்தப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், "ஏனுங்க, ரெண்டு கத்தப் புல்லு போட்டிருந்தா அது ஏனுங்க வாலத் திங்குது? நொம்ப அநியாயமுங்க!" என்று கத்தினாள்.

"குட்டி திருந்தோணுமில்ல, அண்ணி" என்றார் அந்த மனிதர்.

எரிச்சல் அடங்கிய பிறகும் ராணி குட்டியைக் கிட்டே அண்டவிடவில்லை. துணியில் நனைத்து நான் கொடுத்த பசும்பாலைக் குட்டி துப்பிவிட்டது. ஐந்தாம் நாள் செத்துப்போனது. "வாலாச்சும் தப்பிச்சுது" என்று சித்தப்பா சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

இப்போது ராணி இல்லை, அவளைக் கட்டிய மரமும் இல்லை. சித்தப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ மட்டும் தொங்குகிறது, சில வருஷம் கழித்து எடுத்தது, நீண்டு வளர்ந்த வாலோடு ராணி. பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் வந்தவர்களிடம் அந்த வாலைக் காட்டிப் பீற்றிக்கொள்வார். நானும் விடாமல் குட்டியின் கதையை எடுப்பேன். உடனே எழுந்து வெளியே போய்விடுவார். பூசியது என் கை. நான் எழுந்து எங்கே போவது?