மலை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்

தலைவலித் தைலத்தின் வாசனை எங்காவது அடித்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான். இரவெல்லாம் வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் கூடத்திலும் நடையிலும் மாடிப்படியிலும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பாதத்திலும் கெண்டைக்காலிலும் தைலத்தை அழுத்தித் தேய்ப்பார்கள். ஈர வேட்டியும் விபூதியும் கற்பூரமும் அதோடு சேர்ந்து மூச்சை முட்டும். திருவண்ணாமலையில் கோயிலை ஒட்டிய தெருக்களில் அப்போது பல வீடுகள் மாதத்துக்கு ஒருமுறை லாட்ஜாக மாறிவிடும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை எடுத்து நடத்தியவள் எங்களோடேயே இருந்த அத்தை, அப்பாவின் அக்கா. "பௌர்ணமி ஜனம்" வந்துவிட்டால் அப்பா, அம்மா, நான் மூவரும் சமையலறையில் முடங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். முகமே இல்லாத ஓர் ஆள் துரத்திக்கொண்டு வருவதாக ஓயாமல் ஒரு கனவு வந்து என்னைப் பாடாய்ப்படுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோதும் வந்தான். எங்கள் மொட்டைமாடிக்கு ஓடினேன். எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் மலை தெரியும். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மேற்கே, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தெரியும். அன்றைக்குத் தொட்டி இருந்தது, மலை இல்லை. வெறும் வானம். மலை இல்லாத திருவண்ணாமலை எப்படி இருக்கும், அப்படியென்றால் இது கனவுதான் என்று தூக்கத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி நின்று, "உனக்கு என்னதான்டா வேணும்?" என்று கத்தினேன். அவன் நின்றுவிட்டான், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் போலத் தலையைச் சொறிந்துகொண்டு. அதற்கப்புறம் அவனைப் பற்றி எனக்கென்ன? கையை விரித்துப் பறந்தேன். எங்கே பறக்க நினைத்தேனோ அங்கே பறந்தேன், அதுவரை இல்லாத மலையை வரவழைத்து அதன் மேலேயும் பறந்தேன்.

கனவு என்று தெரிந்துகொண்டே கனவு காண்பது உலகத்தில் எத்தனையோ பேருக்கு நடக்கிற சாதாரண விஷயம் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் எனக்கு அது அடிக்கடி வந்தது, அன்றைக்கு அதற்குப் பெயர்தான் தெரியாது. ஆனால் அது என்னை மாற்றிவிட்டது. எதற்காவது பயம் வந்தால் மேற்கே திரும்பி மலை இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் இது நிஜம். நிஜம் என்று தெரிந்ததும், கனவில் செய்ததையே செய்வேன், திரும்பி நின்று கேட்பேன். பஸ்ஸில் வேண்டுமென்றே மேலே வந்து இடித்தவனைக் கேட்டேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போனான். சாக்பீஸை முகத்தில் வீசுகிற கணக்கு வாத்தியாரிடம் எழுந்து நின்று, எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். முறைத்துப் பார்த்தார், ஆனாலும் சொல்லிக்கொடுத்தார். அதுவரை யார் அதட்டினாலும் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொள்கிற பெண் நான்.

இதை வாயை மூடிக்கொண்டு எனக்குள்ளேயே வைத்திருக்கலாம். தோசைக்கல் முன்னால் நின்ற அம்மாவிடம் ஒருநாள் ஆசையாகச் சொன்னேன். "கனவுலயே இது கனவுன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சும்மா. மலைக்கு மேல பறந்தேன்." அம்மா திரும்புவதற்குள் நடையிலிருந்து அத்தை வந்துவிட்டாள். உருவம் தெரியாமல் சித்தர்கள் மலையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நம்புகிற ஊர் இது. வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுத் தட்டில் இன்னொரு தோசை போட்டிருப்பார்கள். அத்தை என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சூட்சுமமா மலை சுத்திட்டு வந்திருக்குது. நம்ம வீட்டுப் பொண்ணு சும்மா இல்ல," என்றாள்.

அடுத்த பௌர்ணமிக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை, நெற்றி நிறையக் குங்குமம், கூடத்தில் ஒரு நாற்காலி. தைலம் தேய்த்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து என் முன்னால் உட்கார்ந்து கும்பிட்டார்கள். என்னைவிட மூன்று மடங்கு வயதானவர்கள்! நான் வாயே திறக்கவில்லை, திறக்கவும் தேவைப்படவில்லை. நான் இருமினால் ஓர் அர்த்தம், குனிந்தால் ஓர் அர்த்தம், எல்லாவற்றையும் அத்தையே பக்கத்தில் நின்று சொல்லிவிடுவாள். "அருள் வாக்கு" என்று தெருவெல்லாம் பேச்சு பரவியது. பிறகு வெள்ளிக்கிழமையும் சேர்ந்துகொண்டது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடவைத்தார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது அத்தை சொன்னாள்: "ஒம்போதாவதோட போதும். அருள் இருக்கறவளுக்குப் படிப்பு எதுக்கு?" அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். அம்மா, "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை. அத்தைக்காவது மூடநம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு ஊரில் எல்லோருக்கும் நியாயம் சொல்லுகிற என் அப்பாவுக்கு என்ன வந்தது?

அந்தச் சமயத்தில்தான் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பையன் வீட்டைவிட்டுப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. போலீஸில் சொல்லியும் பயனில்லை. அவன் போட்டோவை என் மடியில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். இது கனவாக இருந்துவிடாதா என்ற ஆசையில் ஜன்னல் வழியாக மேற்கே பார்த்தேன். மலை இருந்தது. நான் பார்த்ததை அத்தை பார்த்துவிட்டாள். "மேற்கால பாக்குது பாரு! உன் பையன் மேற்காலதான் இருக்கான். செங்கம் பக்கம் போய்த் தேடு," என்றாள். அந்த அம்மா போட்டோவை எடுத்துக்கொண்டு குளிக்கக்கூட நிற்காமல் அப்படியே கிளம்பினார். என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார், குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. "செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை வரைக்கும் ஊரு ஊரா கேட்டுட்டேம்மா. மல்லாட்டையைப் புடுங்கக்கூட ஆளு இல்லாம கடலையெல்லாம் நெலத்துலயே மொளைச்சுப் போச்சு. எந்த ஊருன்னு மட்டும் சொல்லிடு தாயி," என்றார். அத்தை என் தோளைக் கிள்ளினாள், ஏதாவது செய் என்று அர்த்தம். ஜன்னலைப் பார்த்தேன். மலை இருந்தது. நிஜம்தான். அப்படியானால் ஓட வேண்டியதில்லை.

நாற்காலியைவிட்டு எழுந்தேன். "எனக்குத் தெரியாதுங்க. உங்க பையன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கு மலை இருக்குதான்னுதான் பார்த்தேன். அத்தைதான் தானா ஏதோ சொல்லிட்டாங்க."

அத்தை அறைந்த அறையில் காது அடைத்துக்கொண்டது. ஆனால் அது பெரிதில்லை. அந்த அம்மா அத்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "அப்ப நான் எதுக்கும்மா அந்தப் பக்கம் போனேன்?" என்று கேட்டார். சண்டையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அருள் எறங்கிடுச்சு, இனிமே இவ வெறும் கட்டைதான்," என்று அத்தை அறிவித்தாள். வெறும் கட்டை மறுநாள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். படித்தேன், பரீட்சை எழுதினேன், இப்போது ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேலதிகாரி மேஜையைத் தட்டினால் இன்றும் பயப்படுவதில்லை, நிதானமாக என்ன வேண்டும் என்று கேட்கிறேன். அதை எனக்குக் கொடுத்தது அந்தக் கனவுகள்தான், யாருடைய அருளும் இல்லை.

அந்த வீடு இப்போது இல்லை; இடித்துவிட்டு மூன்று மாடி லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அத்தை தன் தவறை ஒப்புக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தாள். கனவிலேயே இது கனவு என்று தெரிந்துகொள்வதும் அத்தை அறைந்த அன்றோடு எனக்கு நின்றுபோனது. எவ்வளவோ முயன்றும் திரும்ப வரவில்லை. என்னுடையது என்று இருந்த ஒன்றே ஒன்று, அதையும் கும்பிட்டே கொன்றுவிட்டார்கள். கிரிவலப் பாதையில் இப்போது பாய் விரித்து, அதே கனவை வகுப்பு எடுத்துச் சொல்லித்தருகிறார்களாம். போர்டைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்கூட்டரின் ஹாரனை வேண்டுமென்றே அழுத்திவிட்டுப் போகிறேன்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அப்பா போன பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். போன வாரம் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு தடவை கண்ணை மூடிப் பாரேன். உங்கப்பா அங்க நல்லா இருக்காரான்னு மட்டும் சொல்லு," என்றாள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. இத்தனைக்கும் பிறகு, இவளுமா? நல்லா இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாகத் தூங்குவாள் என்றும் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதும்மா," என்றேன்.

அம்மா கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அன்னிக்கு அந்தப் பொம்பளைக்குச் சொன்னியே, அதையேதான் எனக்கும் சொல்ற," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.