அண்ணன் சாப்பிடாமல் எழுந்த பந்தி

சர்வேசுரன் அழைத்துக்கொண்ட என் அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட மலரில் இறந்தவரின் நற்குணங்களை மட்டும் எழுதுவார்கள். நான் என் குற்றத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் பிறந்தது உப்பளத்தில். அப்பா தவறிய பின் அம்மா துணி தைத்து அவரைப் படிக்கவைத்தார். குருப்பட்டம் பெற்றுப் பாதிரியாரான நாள் முதல் அம்மாவே "சாமி" என்றுதான் அவரைக் கூப்பிட்டார். எனக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவேயில்லை. வீட்டார் கைவிட்ட நோயாளிகளைப் பராமரிக்க, நெல்லித்தோப்பில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் அண்ணன் கன்னியர் சபையைத் தொடங்கினார். எந்தச் சாதிப் பெண் வந்தாலும் சேர்த்துக்கொண்டார். மாதா கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து உட்கார்ந்த நம் ஜனங்களுக்கு அது பொறுக்கவில்லை. சம்பந்தி வீட்டார்கூட எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினார்கள்.

முதல் ஆறு கன்னியர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அன்று என் வீட்டில் விருந்து. உறவினர் மனம் கோணக்கூடாதென்று கூடத்தில் ஒரு பந்தியும், தோட்டத்தில் ஒரு பந்தியும் போட்டேன். அந்த ஆறு பேரில் வைத்திக்குப்பத்து மீனவர் மகளையும் இன்னும் இருவரையும் தோட்டத்துக்கு அனுப்பினேன். இலைமுன் உட்கார்ந்த அண்ணன் சுற்றிப் பார்த்தார்.

"மத்த மூணு பேரு எங்கம்மா?"

"தோட்டத்துல நல்லாத்தான் போட்டிருக்கேண்ணா. சொந்தக்காரங்க கோச்சிக்குவாங்க…"

"அப்ப நான் சாப்ட்டுட்டேன்னு வச்சிக்க."

எழுந்து போய்விட்டார். அதன்பின் வருவார், பிள்ளைகளை ஆசீர்வதிப்பார். என் கையால் தண்ணீர்கூட வாங்கியதில்லை. எனக்கும் வீம்பு. மன்னிப்புக் கேட்கவில்லை.

அண்ணன் நெஞ்சு நோயால் கன்னியர் மடத்தில் படுத்திருந்தபோது கஞ்சி கொண்டுபோனேன். கன்னியர் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம்.

"இவங்களோட ஒக்காந்து ஒரு வாய் சாப்டு. அப்புறம் நீ குடுக்கறத குடிக்கிறேன்" என்றார்.

"வீட்ல கேட்டுட்டு நாளைக்கு வரேண்ணா" என்றேன்.

என் கணவரிடம் சொன்னேன். "இதுக்கு என்னைக் கேக்கணுமா? ஒக்காந்துட்டு வந்திருக்கலாமே" என்றார். மறுநாள் காலை நான் மடத்தை நெருங்கும்போதே துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது.

கடைசி மூச்சுவரை அண்ணனைத் தாங்கிய கன்னியருக்கும், கல்லறைவரை அவரைத் தோளில் சுமந்த வைத்திக்குப்பத்தாருக்கும், துக்கத்தில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நினைவுப் பூசைக்குப் பின் மடத்தில் சாப்பாடு. ஒரே பந்திதான். மனமில்லாதவர்களை வற்புறுத்தவில்லை. ஓராண்டாக அங்கே போய்வருகிறேன். அவர் இல்லாமல் உட்கார வெட்கமாக இருந்ததால் இதுவரை ஒரு வாய்கூட நான் சாப்பிட்டதில்லை. அன்று உட்காரப்போகிறேன். அதைப் பார்க்க அண்ணன் இல்லையே என்பதுதான் என் துக்கம்.

தங்கை