கூண்டுமூஞ்சி

பேஸ்பால் ஆட்டத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒன்பது வயதில் அதன் சட்டதிட்டங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் பாதிக்குமேல் தப்பு என்று போன மாதம்தான் தெரிந்தது. என் மகன் கைப்பேசியில் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மட்டை பிடித்தவனுக்குப் பின்னால், முகத்தில் இரும்புக் கூண்டு மாட்டிய ஒருவன் குந்தியிருந்தான். அவன் தொடைகளுக்கு நடுவே விரல்களை நீட்டி மடக்கியதைப் பார்த்ததும் நான் அடுப்பிலிருந்த தோசையைக் கருகவிட்டேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், எடப்புளி நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. வீட்டுக்கு டிஷ் வந்த வருஷம் அது. சனி, ஞாயிறு காலைகளில் ஒரு பொம்மைப்படம் போடுவார்கள். எந்த நாட்டுப் படமோ, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடிக்கொண்டே தமிழில் சண்டை போடுவார்கள். அப்பா முதல் நாள் பார்த்துவிட்டு, "உலக்கையை வெச்சுக் கிரிக்கெட் ஆடறானுங்க" என்று சொல்லிவிட்டு மிளகுக் கொடிக்கு மருந்தடிக்கப் போனார். அந்தப் படத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கு நாலு விரல்தான். பெரியப்பா மகன் அதைக் கண்டுபிடித்து எண்ணிக் காட்டினான். வரைகிறவனுக்குச் சோம்பல் என்று நாங்கள் சிரித்தோம்.

டிவி பக்கமே வராத அம்மா, இந்தப் படத்தை மட்டும் சமையற்கட்டு நிலைப்படியில் நின்று பார்ப்பாள். கையில் கரண்டி இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்காது. அவளுக்கும் ஆட்டம் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

தமிழில் குரல் கொடுத்தவர் யாரோ தெரியாது, வாயில் சனி குடியிருந்த மனிதர். ஓடுகிறவன் ஒரு மூலையைத் தொட்டதும், "போய்ச் சேர்ந்துட்டான்! மூணாம் மூலை போய்ச் சேர்ந்துட்டான்!" என்று கத்துவார். எங்கள் ஊரில் யாராவது செத்தால்தான் போய்ச் சேர்ந்துட்டாங்க என்பார்கள். அப்பா வீட்டில் இருந்தால் அந்த இடத்தில் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சத்தத்தைக் குறைப்பார். எங்களுக்கு அந்த வார்த்தை பேஸ்பால் வார்த்தையாகவே ஆகிவிட்டது.

சாமை அறுத்த வயல் ஒன்று எங்களுக்கு மைதானம். நாலு மூலைக்கு நாலு கல். மண்வெட்டிக் காம்புதான் மட்டை. மட்டை பிடிப்பவர் நிற்கும் கல்லுக்கு ஊட்டுக்கல், அதாவது வீட்டுக்கல் என்று பெயர், ஏனென்றால் படத்தில் எல்லாரும் கடைசியில் வீட்டுக்கு ஓடி வருவார்கள். ஊட்டுக்கல் பலாமரத்தடியில் இருந்தது. மூணாம் கல் வயலின் ஓரத்தில், செங்குத்தாக இறங்கும் பள்ளத்தைப் பார்த்து. பள்ளத்துக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் வீடுகள். கூப்பிடு தூரம்தான், ஆனால் பலாமரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் தடத்தில்தான் போக முடியும்.

ஆட்டத்தில் ஒரே ஒரு இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. மட்டைக்குப் பின்னால் குந்தி, பந்து வாங்கி, விரலால் சைகை காட்டுகிற ஆள். படத்தில் அவனுக்குக் கூண்டுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தோம். முகம் தெரியாமல் நாள் முழுக்கக் குந்தியிருக்க யாரும் சம்மதிக்கவில்லை. அதனால் அந்த இடம் காலியாகவே இருந்தது, விட்ட பந்தை மட்டைக்காரரே போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஆறு வயதுத் தங்கைக்கு மட்டும் கூண்டுமூஞ்சி மேல் அப்படி ஒரு பிரியம். மற்றவர்களெல்லாம் கத்துகிறார்கள், அவன்தான் பேசாமல் இருக்கிறான் என்பாள்.

எங்கள் மலையில் சாயங்காலம் மேகம் இறங்கினால் ஊரிலுள்ள அம்மாக்கள் எல்லாரும் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் அம்மா மட்டும் கூப்பிட மாட்டாள். மேகம் முகட்டில் இருக்கும்போதே தடத்தோடு நடந்து வந்து, ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக் கூட்டிப் போவாள். "உங்கம்மாளுக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்று பெரியப்பா மகன் கேலி செய்வான். எனக்கு அவமானமாக இருக்கும். மற்ற அம்மாக்கள்போலக் கூப்பிட்டுத் தொலைத்தால் என்ன என்று பலமுறை ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அம்மா ராகி அரைக்க மில்லுக்குப் போயிருந்தாள். அங்கே கரண்ட் இல்லை, வர நேரமாகிவிட்டது. என் கையில் மட்டை, மூணாம் கல்லில் தங்கை. நான் அடித்தால் அவள் வீடு வந்துவிடுவாள். "அடிக்கறதுக்கு முன்னால கல்லை உட்டு எறங்குனா அவுட்டு" என்று பெரியப்பா மகன் அவளை மிரட்டி வைத்திருந்தான். அவள் இரண்டு காலையும் கல்மேல் சேர்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

மேகம் அன்று முகட்டிலிருந்து இறங்கவில்லை. பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. முதலில் மூணாம் கல் மறைந்தது, பிறகு வயல். பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாக்களின் குரல்கள் கேட்டன. பெரியம்மாவின் குரல்தான் பெரியது. பெரியப்பா மகன் பந்தை டவுசர் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். மற்றவர்களும் ஓடினார்கள். ஒரு நாளாவது குரல் கேட்டு ஓடும் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. மட்டையைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். தங்கை நினைவுக்கு வரவில்லை. இதை எப்படிச் சொன்னாலும் அழகாக வராது, அதனால் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

தடத்தின் பாதியில் அம்மா எதிரே வந்தாள், இடுப்பில் மாவுக் கூடையோடு. எங்களை எண்ணினாள்.

"சின்னவ எங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா மகன் முந்திக்கொண்டான். அவன் மனசு இன்னும் ஆட்டத்திலேயே இருந்தது.

"அவ அப்பவே போய்ச் சேர்ந்துட்டாளுங்க சின்னம்மா."

கூடை விழுந்தது. மாவு தடமெல்லாம் கொட்டியது. அம்மா அழவில்லை, கத்தவில்லை. இது ஏற்கெனவே ஒருமுறை கேட்ட செய்தி என்பதுபோல நின்றாள்.

"மூணாம் கல்லுக்குங்கம்மா," என்றேன் நான். "ஆட்டத்துல. அங்கதான் நிக்கறா."

"எங்க இருக்குது அந்தக் கல்லு?"

"பள்ளத்தோரங்க."

அதற்குப் பிறகு அம்மாவுக்கு வந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பலாமரத்தடிக்கு வந்ததும் நான் தங்கையின் பேரைச் சொல்லிக் கத்த வாயெடுத்தேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயை அப்படியே அடைத்தது. கையில் ராகி மாவு வாசனை அடித்தது.

"கூப்புடாத கண்ணு," என்றாள் காதோரம். "கூப்புட்டா நடப்பா."

கையெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் பள்ளத்துக்குள்ளிருந்தே வருவதுபோல இருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. பொத் என்று, உறை மாட்டிய கையில் பந்து வந்து விழுகிற சத்தம். படத்தில் நூறு முறை கேட்ட அதே சத்தம், எங்களுக்கு இரண்டடி பக்கத்தில், ஊட்டுக்கல்லின் பின்னாலிருந்து. பின்னாலேயே வந்த பெரியப்பா மகன் டவுசர் பைக்குள் கையை விட்டுப் பந்தை வெளியே எடுத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வயதுப் பையன், அதுவரை என்னிடம் எதற்கும் பயந்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை.

அம்மா அந்தப் பக்கம் திரும்பி ஒரு நொடி நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தடவித் தடவி வயலுக்குள் போனாள். நாங்கள் பலாமரத்தைக் கட்டிக்கொண்டு நின்றோம். தங்கை இல்லாத வீட்டுக்கு நான் எப்படிப் போவேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேகத்துக்குள்ளிருந்து அம்மா வந்தபோது தங்கை அவள் இடுப்பில் இருந்தாள். தலைமுடியெல்லாம் நீர் கோத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நான் அவுட்டா?" என்பது.

வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து அம்மா அவள் தலையைத் துவட்டினாள்.

"பயந்துட்டியா சாமி?"

"இல்லீங்கம்மா. எல்லாரும் வா வான்னு கூப்புட்டாங்க. நான் எறங்கலாம்னு ஒரு காலை எடுத்தேன். கூண்டுமூஞ்சி வேண்டாம்னு கையைக் காட்டுச்சு. அப்பறம் நான் எறங்கல."

"அந்த இடத்துல யாருமே இல்லடி," என்றேன். "அங்கிருந்து ஊட்டுக்கல்லு தெரியவே தெரியாது."

"தெரிஞ்சுது. குந்திக்கிட்டு இருந்துச்சு. என்னளவுதான் இருந்துச்சு. நாலு விரல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயமெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. "டிவில எல்லாருக்கும் நாலு விரல்தாங்கம்மா," என்று அம்மாவுக்கு விளக்கினேன். "இவ படத்தை நெனச்சுக்கிட்டே நின்னிருக்கா."

அம்மா என்னைக் கவனிக்கவில்லை. துண்டைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையிடம் கேட்டாள்.

"எந்தக் கை கண்ணு?"

தங்கை இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்து யோசித்தாள். பிறகு இடக்கையில் ஐந்து விரலையும் விரித்தாள். வலக்கையில் சுண்டுவிரலை மட்டும் மடக்கிக் காட்டினாள். அம்மா அந்த மடக்கிய விரலைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்பையே பார்த்தாள். எனக்குப் பசித்தது. சோறு எப்போது போடுவாள் என்று காத்திருந்தேன்.

பல வருஷம் கழித்து நான் பிள்ளைத்தாய்ச்சியாக வந்திருந்தபோது, மலையிறங்கும் பஸ்ஸில் அப்பாதான் சொன்னார். கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளைப் பார்த்தபடியே, நாற்பதில் ஆரம்பித்து முப்பதுக்குள் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு முன்னால் ஒருவன் இருந்திருக்கிறான். பிறவியிலேயே வலக்கையில் சுண்டுவிரல் கிடையாது. ஆறு வயதில் ஒரு சாயங்காலம் அந்த வயலில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான்.

"மேகம் எறங்கிருச்சுன்னு உங்கம்மா வாசல்ல நின்னு கூப்புட்டா சாமி," என்றார் அப்பா. "அவன் கொரலு வந்த பக்கமே நேரா வந்துட்டான். நடுவால பள்ளம் இருந்துச்சு."

அம்மா இன்றுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கையிடம் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்கிறாள்.

எனக்கு நினைவிருப்பது மறுநாள். இனி அந்த வயல் பக்கம் தலைவைக்க விடமாட்டாள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் அம்மா தானே கடப்பாரை எடுத்து வந்து, மூணாம் கல்லைப் பெயர்த்துப் பள்ளத்திலிருந்து தள்ளி வயல் நடுவே நட்டாள். பிறகு பலாமரத்தடியில் உட்கார்ந்து, முதல்முறையாக எங்கள் ஆட்டத்தைப் பார்த்தாள். என் முறை வந்தது. படத்தில் செய்கிறபடியே மட்டையைத் தோளுக்குப் பின்னால் நன்றாக ஓங்கினேன்.

"மெல்ல ஓங்கு கண்ணு," என்றாள் அம்மா. "பின்னால பட்டுறப் போகுது."

நான் திரும்பிப் பார்த்தேன். சாமைத் தாளும் காய்ந்த பலா இலையும்தான் கிடந்தன. அம்மாவுக்கு ஆட்டமே தெரியவில்லை என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தேன்.

"அங்க யாரும் இல்லீங்கம்மா," என்றேன். "எங்க ஆட்டத்துல அது காலி எடம்."