புல்லைப் பிடுங்கியதால் செத்த குழல்மீன்

அந்தக் குழல்மீனைக் கொன்றது எங்கள் டைரக்டர். நான் அல்ல.

டெல்லியில் ஓர் அருங்காட்சியகத்தின் மீன்தொட்டிப் பிரிவில் இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வங்காளத்து ஆற்றிலிருந்து ஒரு ஜோடி நன்னீர்க் குழல்மீன் வந்தது. பென்சிலைவிட மெலிந்த உடம்பு. செதில் கிடையாது, வளையம் வளையமாக எலும்புக் கவசம்தான். மூஞ்சி குழாய் மாதிரி நீண்டிருக்கும், பல் இல்லை. உயிரோடு துள்ளும் பொடி இரையை மட்டும் அந்தக் குழாயால் உறிஞ்சும். வேகமாக நீந்தத் தெரியாது. தண்ணீர் அசைந்தால் நீர்ப்புல்லோடு புல்லாகச் சாய்ந்து நிற்கும், அவ்வளவுதான் அதன் தற்காப்பு. முட்டையைச் சுமப்பது ஆண். பெண் அதன் வயிற்றில் ஒட்டிவிட்டுப் போய்விடும்.

எங்கள் ஆண் மீன் முட்டை சுமந்திருந்த நேரத்தில்தான் மேலதிகாரியான செக்ரட்டரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. டைரக்டர் தஞ்சாவூர்க்காரர். தொட்டி முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா ஸ்டெல்லா, செக்ரட்டரி புல்லு பாக்கவா வர்றார்? மீன் எங்க?"

"உள்ளதான் சார் நிக்குது. அது புல்லு மாதிரியேதான் நிக்கும்."

"அச்சா. அப்ப புல்ல எடுத்துட்டா தெரியும்ல? ஜல்தி எடு. ஃபில்டரயும் ஃபுல்லா வை, தண்ணி பளிச்சுன்னு இருக்கணும்."

ஆண் மீன் முட்டை சுமக்கிறது, ஒளிய இடமில்லாவிட்டால் தாங்காது என்றேன்.

"ஆம்பள சுமக்குதா? மெட்டர்னிட்டி லீவு கேக்கலியா?"

கூட நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் புல்லில் கைவைக்க மாட்டேன் என்றேன். வேறு ஆளைக் கூப்பிட்டுப் பிடுங்கினார்.

ஃபில்டர் இழுத்த இழுப்பில் மீனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கண்ணாடியில் மோதிக்கொண்டே இருந்தது. போட்ட இரையையும் ஃபில்டரே விழுங்கியது. மேலதிகாரி வந்தார், டைரக்டர் அறையில் டீ குடித்தார், தொட்டிப் பக்கம் வராமலே போனார். மறுநாள் காலை ஆண் மீன் ஃபில்டர் வாயில் ஒட்டிக் கிடந்தது, வயிற்றில் முட்டையோடு.

இப்போது தொட்டியில் ஓர் அறிவிப்பு தொங்குகிறது: பராமரிப்புக் குறைவால் மீன் இறந்தது. பராமரித்தவள் நான் ஒருத்திதான்.

ஒளிந்து வாழும் மீனை வைத்தால் ஒளிய இடம் கொடுங்கள். மீன் தெரியவில்லை என்று யார் கத்தினாலும் கத்தட்டும்.

டைரக்டர் சார், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிற்கும்போது அந்தத் தொட்டி முன்னால் வாருங்கள். மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: புல்லைப் பிடுங்கச் சொன்னது யார்?