சாலையைப் பார்த்த பெஞ்சுகள்

சைமனைக் கண்டாலே ரமாபாய்க்கு வயிறு எரியும். காரணம் இல்லாமல் இல்லை. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் குடிசை மாற்று வாரியத்தின் ஓர் அறை வீட்டிலிருந்து ஆர்க்கிடெக்சர் படித்து, அதற்கு மேல் லேண்ட்ஸ்கேப்பும் படித்து, பூங்காக்களை வரைகிற அலுவலகம் ஒன்றில் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். அவன் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ராயபுரத்துக்காரன். முதலாளியம்மாவிடமே "இன்னா மேடம்" என்பான். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிடும்.

அந்த 'இன்னா'வைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கல்லூரியில் முதல் வருடம் வாய் தவறி 'வூடு' என்று சொல்லிவிட்டு, வகுப்பே சிரித்த சிரிப்பில் கூனிக் குறுகியவள். அன்றைக்கே நாக்குக்குப் பூட்டுப் போட்டாள். அவள் பாடுபட்டுத் துடைத்து எறிந்ததை இவன் வாயில் வைத்துக்கொண்டே திரிவானாம், அதற்கு மரியாதையும் கிடைக்குமாம். எரியாமல் என்ன செய்யும்?

திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு பூங்கா வேலை வந்தது. வடசென்னையில் அந்த அலுவலகத்துக்கு அதுதான் முதல் வேலை. தன்னை விட்டால் யாருக்குத் தருவார்கள் என்ற தைரியத்தில் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அம்மா சும்மா இருப்பாளா? மகள் கடலோரம் பார்க்கு கட்டப்போகிற செய்தி மாலைக்குள் மாடிக்கு மாடி ஏறிவிட்டது.

முதலாளியம்மா ஆளுக்கொரு வரைபடம் கேட்டார். ரமாபாயின் பெஞ்சுகள் எல்லாம் கடலைப் பார்த்திருந்தன. சைமனுடையவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தன. கடலுக்கு யாராவது முதுகு காட்டுவார்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டாள் ரமாபாய். இரண்டு பேர் சிரிக்கவும் செய்தார்கள்.

"கடலு எங்க போயிடும், ரமாக்கா? அத்த பொறந்ததுலேந்து பாத்துகினு கீறோம்" என்றான் சைமன். "மீன் வித்துட்டு வந்து குந்துறவங்க, பஸ்ஸு வருதா, புள்ள வருதான்னு ரோட்டத்தான் பாப்பாங்க."

வேலை அவனுக்குப் போனது. ரமாபாய் கை கொடுத்து வாழ்த்திவிட்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள். அம்மாவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இன்று நாளை என்று தள்ளிப்போட்டதில் பூங்காவே கட்டி முடிந்துவிட்டது.

திறந்த வாரமே அம்மா நச்சரித்து அவளை அங்கே இழுத்து வந்தாள். உள்ளே நுழைந்தவள் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய், சாலையைப் பார்த்த ஒரு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கன்டெய்னர் லாரிகளையும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறவர்களையும் ஆசை தீரப் பார்த்தாள்.

"சோக்கா போட்டுகீறடி. நம்ம வூட்டாண்ட படில குந்திகினு இருக்கறா மாரியே கீது."

ரமாபாய்க்குச் சுருக்கென்றது. வேலை விட்டு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கும் அம்மாவைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். பென்சிலைப் பிடித்தபோது அந்த அம்மா நினைவுக்கு வரவே இல்லை. அந்த அம்மாவை முன்பின் பார்த்திராத ஒருவன் வந்து அவளுக்கு இடம் போட்டிருக்கிறான். இப்போது எரிந்த எரிச்சலுக்கு முன்னால் இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் செடிகளைச் சோதிக்க வந்த சைமன் அவர்களைக் கண்டு அருகில் வந்தான். அம்மா பெருமை தாங்காமல் அவனிடம் சொன்னாள்.

"இந்த பார்க்கு எம் பொண்ணு போட்டது, தெரியுமாப்பா?"

சைமன் ரமாபாயை ஒரு தரம் பார்த்தான்.

"தெரியும்மா. நல்லா போட்டுகீறாங்க" என்று சொல்லிவிட்டுச் செடிகள் பக்கம் போய்விட்டான்.

அவன் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் ஆயுசுக்கும் அவனை நிம்மதியாக வெறுத்திருக்கலாம். பாவி, அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

"நல்ல புள்ளயா கீதே. யாரு, உன்னாண்ட வேல செய்யுதா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா" என்றாள் ரமாபாய். "என்கிட்டதான்."