குஞ்சுக் கொட்டகையில் தொங்கிய பெட்டி

மல்லசமுத்திரத்துக்கு அருகே என் அக்காவும் மச்சானும் கறிக்கோழி வளர்க்கிறார்கள். சென்ற மார்கழியில் இறக்கிய குஞ்சுகளில் பாதி குளிரில் மடிந்தன. மீண்டும் அவ்வாறு நேர்ந்தால் இனிக் குஞ்சு தருவதற்கில்லை என்று, குஞ்சும் தீவனமும் தந்து வளர்க்கக் கொடுக்கும் நிறுவனத்தார் சொல்லிவிட்டனர். ஆகவே இந்த மார்கழியில் அக்கா கொட்டகைப் பக்கங்களின் படுதாக்களைக் கீழிருந்து மேல்வரை இடுக்கின்றி இழுத்துக் கட்டி, உள்ளே கேஸ் அடுப்புகளை ஏற்றிவைத்தார்.

குளிரை அடைத்தால் காற்று கெடும். படுதாவை எப்போது மேலிருந்து இறக்கிக் காற்று விடுவது என்று அறிய நான் ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். நான் தமிழாசிரியன், சிறு மின்னணு அட்டைகளோடு பழகுவது என் பொழுதுபோக்கு. உள்ளங்கையளவு அட்டையில் கரியமில வாயு உணரியைப் பொருத்தி, அது தரும் எண் திரையில் தோன்றுமாறு நிரல் எழுதினேன். வெளிக்காற்றில் நானூறு காட்டும். இரண்டாயிரத்தைத் தாண்டினால் படுதாவை இறக்க வேண்டும். இவ்வளவே அக்காவிடம் சொன்னேன்.

முதல் நாள் எண் ஆயிரத்தெண்ணூறு வரை ஏறியது. பிறகு, படுதாவைத் தொடாமலே, நானூற்றுச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. இருவரும் மகிழ்ந்தோம். நான்காம் நாள் அக்கா கைப்பேசியில் அழைத்தார். குஞ்சுகள் சோர்ந்து கிடந்தனவாம். சில செத்தும் போயினவாம். எண்ணைக் கேட்டேன். நானூற்றைம்பது என்றார். அப்படியானால் குளிர்தான், இன்னும் இறுகக் கட்டுங்கள் என்றேன். அதை எழுத இன்றும் கை கூசுகிறது.

மறுநாள் காலை நேரில் சென்றேன். மச்சான் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, குஞ்செல்லாம் படுதா ஓரமாப் போயி மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குது. உங்க பொட்டிக்கு மூக்கே இல்லையாட்டம் இருக்குது."

பெட்டியை வயலுக்கு எடுத்துச் சென்றேன். அங்கும் ஏறக்குறைய அதே எண். அடைத்த கொட்டகையும் திறந்த வயலும் ஒரே காற்றாக இருக்க வழியில்லை. வரப்பில் அமர்ந்து உணரியின் கையேட்டை முதன்முறையாகக் கடைசி வரி வரை படித்தேன். ஒரு நாளில் தான் கண்ட மிகக் குறைந்த அளவையே அது தூய காற்றென்று கொண்டு நானூறாகக் காட்டும், அதற்குக் கீழே இறங்காது; வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது பொருந்தும், பண்ணைக்குப் பொருந்தாது; அவ்வியல்பை ஒரு கட்டளையால் நிறுத்திவிடலாம். அக்கட்டளை என் நிரலில் இல்லை. கெட்ட காற்றையே நல்ல காற்றென்று அது கற்றுக்கொண்டிருந்தது.

ஓடிச்சென்று மூவருமாகப் படுதாவை ஒரு முழம் இறக்கினோம். சற்று நேரத்தில் குஞ்சுகள் ஓரத்தை விட்டு விலகித் தண்ணீருக்கு வந்தன.

"எனக்கும் உள்ள போனாத் தலை கிண்ணுனு இருந்துச்சு சாமி," என்றார் அக்கா. "உன்ற பொட்டி சரிங்குது, எனக்குத்தான் ஒடம்பு முடியலையாட்டம் இருக்குதுன்னு இருந்துட்டேன்."

அவ்வாரக் கடைசியில் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்தார். செத்தவை பொறுக்கத்தக்க அளவே என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் குஞ்சு இறக்குவதாகச் சொன்னார். தம்பி செய்த பெட்டிதான் காப்பாற்றியது என்று அக்கா அவரிடம் கூறினார். நடந்ததைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா, வந்தவருக்கு டீ வைக்க வேண்டும் என்று என்னைப் பால் வாங்கிவர அனுப்பிவிட்டார்.