அப்பாவின் காசுக் கவர்களும் அடுப்புச் சுவர் அறையும்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். இதை எழுதச் சொன்னவன் தம்பி. அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதும்படியும் சொன்னான். நல்லதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தார். தகப்பனாரைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்தில் புல் வெட்டப் போனார். பிறகு அப்புத்தளையில் கொப்பி, பேனை விற்கும் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளியின் நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் அந்தக் கடையையே எடுத்து நடத்தினார். குடிக்கமாட்டார். சீட்டாடமாட்டார். எங்களில் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. லயத்தில் பிறந்த எங்களைப் பெரகல போகும் பாதையோரம் ஒரு சொந்த வீட்டில் குடிவைத்தவர் அவர்தான். நன்றி மறக்கவில்லை.

அந்த வீட்டில் ஈரம் ஏறாத அறை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சமையலறை அடுப்புச் சுவரை ஒட்டிய அறை அது. மலைப்பக்கத்து முன் அறையில் மழைக்காலம் முழுவதும் சுவர் வியர்க்கும், தலையணை உறைகூடக் காயாது. அம்மாவுக்கு இழுப்பு நோய் இருந்தது உங்களுக்குத் தெரியும். அம்மா படுத்தது முன் அறையில். அடுப்புச் சுவர் அறையில் அப்பாவும் அவருடைய காசுக் கவர்களும் இருந்தார்கள்.

காசுக் கவர் என்றால் என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏதாவதொரு விசேஷத்தை ஒட்டி வெளிநாடுகளில் தபால் கவர் ஒன்று தயாரிப்பார்கள். அதில் முத்திரை ஒட்டி, அந்த நாளின் தபால் சீல் குத்தி, கவரிலேயே சின்ன சன்னல் வெட்டி ஒரு காசையும் பதித்து விற்பார்கள். கவர், முத்திரை, காசு மூன்றும் பிரியாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. கடை முதலாளி எப்போதோ கொடுத்த ஒரு கவரில் அப்பாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பழைய கவர் ஒன்று வெலிமடையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலமாரியில் அடுக்கி, ஈரம் அண்டாமலிருக்க உள்ளே ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டார். அம்மாவின் பக்கத்தில் ஒரு ஹீட்டர் வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, கரண்ட் பில்லை யார் கட்டுவது என்றார்.

இழுப்பு கூடும் நாட்களில் அம்மா கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பார்கள். ஒருநாள் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்:

"ஆவி புடிக்கிறதா இருந்தா வெளிய போய் புடி. உள்ள வந்தா முத்திரை ஒட்டு விட்டுரும்."

அம்மா கேத்தலைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்கள். அதன் பிறகு கடைசிவரை பின்கட்டில்தான் ஆவி பிடித்தார்கள், பனி மூட்டத்தில், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு.

அம்மா இறந்தது மழைக்காலத்தில். நெற்றியில் வைக்க வீட்டுக் காசு ஒன்று, பழையதாக, நல்லதாக வேண்டும் என்று அத்தை கேட்டார்கள். கேட்டுவிட்டு அடுப்புச் சுவர் அறையைப் பார்த்தார்கள். எல்லோருமே பார்த்தோம். அப்பா அந்த அறையின் வாசற்படியை விட்டு நகரவில்லை.

"காச எடுத்தா மூணும் வீணாப் போயிரும் அக்கா," என்றார்.

அந்த நேரம், பாட்டுப் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் பாண் ரொட்டி விற்கும் ஆட்டோக்காரர் வாசல் கேட்டருகே பாட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டவர், தன் காசு ஒன்றை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அம்மா அந்தக் காசோடு போனார்கள். அன்று முதல் நான் அப்பாவோடு தேவைக்கு மட்டுமே பேசினேன்.

பிறகு, கவர்களை மதிப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று அப்பாவே ஆசைப்பட்டார். தம்பி பதுளையிலிருந்து, பழைய முத்திரையும் காசும் வாங்கி விற்கும் ஒருவரை அழைத்து வந்தான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வந்தவர் ஒவ்வொரு கவராக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இவற்றை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அடுப்புச் சுவரையும் குண்டு பல்பையும் பிளாஸ்டிக் உறைகளையும் அப்பா பெருமையாக விளக்கினார். வந்தவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்:

"கோவிச்சுக்காதீங்க ஐயா. இந்தப் பிளாஸ்டிக்க சூட்டுல வெச்சதுலதான் காசு பூரா பச்சை புடிச்சிருக்கு. கவரும் பழுத்துப் போச்சு. சும்மா அந்த முன் அறையில கெடந்திருந்தாக்கூட இத விட நல்லா இருந்திருக்கும்."

அப்பா அவரை நம்பவில்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்கத்தான் இப்படிப் பேசுகிறார் என்று அவர் போனபின் தம்பியைத் திட்டினார். அலமாரியில் இன்னொரு பல்பு போட்டார். நானோ சமையலறையில் நின்று அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவை முன் அறையில் போட்டதற்கு ஒரு பலனாவது இருந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு எரிந்தது.

வாதம் வந்து அப்பா படுத்தபோது, இரண்டு பக்கமும் நின்று தூக்க அடுப்புச் சுவர் அறையில் இடம் போதவில்லை. அலமாரியை நகர்த்தலாம் என்றோம். கவர் குலுங்கும் என்று மறுத்தவர், முன் அறையில் படுத்துக்கொள்வதாகத் தாமாகவே சொன்னார். அந்த அறையில் அவர் அதுவரை ஒருநாளும் படுத்ததில்லை. மறுநாள் காலை நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கேட்டார்:

"இங்க எப்பவும் இவ்வளவு குளிரா?"

"ஆமாங்கப்பா," என்றேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நினைவு மலரில் இதை எழுதலாமா என்று நினைப்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். அவரைக் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டி, கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டதும் நான்தான். அதையும் சந்தோஷமாகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

அவர் போன அன்று, அத்தை மறுபடியும் ஒரு காசு கேட்டார்கள். நான் அறைக்குள் போய், அப்பா மிகப் பெரிதாக மதித்த, வெள்ளிக்காசு பதித்த கவரை எடுத்து வந்தேன். தம்பி பதறினான். உங்கள் எல்லோர் முன்னிலையிலும் கத்தரிக்கோலால் வெட்டிக் காசை எடுத்தேன். அப்பாவின் காசு அப்பாவுக்குத்தானே சேரவேண்டும். அத்தை அதைச் சேலைத் தலைப்பால் தேய்த்தார்கள். பிசுபிசுவென்று பச்சை வந்துகொண்டே இருந்தது.

"இத வெச்சு அனுப்ப முடியாது புள்ள," என்றார்கள்.

மிச்சக் கவர்களின் விலையை இந்த ஓர் ஆண்டாக விசாரித்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் தாராளமாக வந்து எடுத்துப் போகலாம். அம்மாவின் இழுப்பு எனக்கும் வந்திருக்கிறது. எனக்கு அந்த அறை வேண்டும்.

அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டருக்கும் தாதிமாருக்கும், குழி வெட்டிய பக்கத்து லயத்துத் தம்பிமாருக்கும், மழையில் நனைந்துகொண்டு கூடவே வந்த உங்கள் அனைவருக்கும், இம்மலரின் அச்சுச் செலவை ஏற்ற தம்பிக்கும் எங்கள் நன்றி. பாண் விற்கும் ஆட்டோக்காரருக்கு இரண்டு நன்றிகள். அப்பா போன அன்றும் அவர் கேட்டருகே பாட்டை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார். அத்தையின் கையிலிருந்த பச்சைக் காசைப் பார்த்தார். சட்டைப் பையில் கையை விட்டார், எடுத்தார், கொடுத்தார்.